பழைய ராணுவத் தீப்பெட்டிகளும் பட்டாளச் சொற்களும்: வேலூர் வட்டாரத்தில் சேகரிக்கத் தொடங்குவோருக்கு முழு வழிகாட்டி

வட ஆற்காட்டில் தீப்பெட்டி, பட்டாளம் இரண்டுமே வீட்டு விஷயம். குடியாத்தம் பக்கம் தீப்பெட்டி வேலை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. கணியம்பாடியை ஒட்டிய கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. நடுவில் வேலூர்க் கோட்டை, 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த இடம். இப்படி ஒரு வட்டாரத்தில் இருந்துகொண்டு ராணுவத் தீப்பெட்டிகளைக் குப்பைக்குப் போகவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டி போகும்போது அதோடு ஒட்டியிருந்த பேச்சும் போய்விடுகிறது. ஜமேதார், பாரா, தோட்டா என்று தாத்தாக்கள் சொன்ன சொற்களைப் பேரப்பிள்ளைகள் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் பொருளையும் சொல்லையும் சேர்த்தே பார்க்கப் போகிறோம். இரண்டுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தேதி தெரிந்த சான்று எது? அது கிடைக்காதவரை எந்தக் கதையையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், கதை என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 1: எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

'ராணுவத் தீப்பெட்டி' என்ற பெயருக்குள் பல வகை அடங்கும். எல்லாவற்றையும் வாங்க ஆரம்பித்தால் பணமும் போகும், அலமாரியும் நிறையும், ஒன்றிலும் ஆழம் இருக்காது.

எளிதாகக் கிடைப்பது ராணுவப் படம் போட்ட நம்மூர் லேபிள்கள்: ஜவான், டாங்க், பீரங்கி, போர்க்கப்பல், விமானம். தொடங்குகிறவருக்கு இதுதான் நல்லது. விலை குறைவு, இடம் பிடிக்காது.

இரண்டாவது, படைவீரர்களுக்கு ரேஷனோடு கொடுத்த தீக்குச்சிகள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் கே ரேஷன் என்ற ஒருவேளைச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் அட்டை மடிப்புத் தீக்குச்சியும் இருந்தது. பசிபிக் காடுகளின் ஈரத்தில் சாதாரணக் குச்சிகள் பயனில்லாமல் போனதால், டயமண்ட் மேட்ச் கம்பெனியின் ரேமண்ட் கேடி நீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் எரியும் குச்சியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு வியட்நாம் போர்க்கால ரேஷனில் வந்த பச்சை நிற மடிப்பு அட்டையில், 'ஈரமான தட்பவெப்பத்துக்கென்றே செய்தவை, ஆனால் நனைந்தால் எரியாது' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை இருக்கும். அந்த வாசகத்துக்காகவே அதைத் தேடுகிறவர்கள் உண்டு. பிலிப்பைன்ஸ் மக்களுக்காக அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தரின் 'நான் திரும்பி வருவேன்' என்ற வாக்கை அச்சிட்டு ரகசியமாக அனுப்பிய தீக்குச்சி அட்டைகளும் உண்டு. அவை அரிது, போலியும் அதிகம். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, பித்தளை உறைகள். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் பீரங்கிக் குண்டின் கூட்டை வெட்டி வளைத்து, தீப்பெட்டி நசுங்காமல் இருக்க உறை செய்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் அதன் வேலைப்பாடு புரியும். தகடு மூன்று பக்கம் மட்டும் மடிந்திருக்கும், நாலாவது நீளப்பக்கம் திறந்திருக்கும். அந்தப் பக்கத்தில்தான் பெட்டியின் உரசும் பட்டை தெரிய வேண்டும். இரண்டு முனையும் திறந்திருக்கும், உள்பெட்டியை விரலால் தள்ள வசதியாக. முகப்பில் ஆணியாலோ உளியாலோ புள்ளி புள்ளியாகக் குத்திய ஊர்ப்பெயர், வருஷம், படைப்பிரிவின் சின்னம். விளிம்பைத் தடவினால் அரத்தின் கோடு விரலில் தட்டும். எந்திரத்தில் அடித்த நினைவுப்பொருளில் எழுத்தெல்லாம் ஒரே ஆழமாக இருக்கும். கையால் குத்தியதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தினுசு.

படி 2: தேடும் இடமும் பேசும் முறையும்

பழைய பேப்பர் கடை, காயலான் கடை, பித்தளைப் பாத்திரம் மாற்றும் கடை ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறை சுற்றுங்கள். வேலூர் லாங்கு பஜார் பக்கம், குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆற்காடு எங்கேயானாலும் கடைக்காரரிடம் 'பழைய வத்திப்பெட்டி லேபிள், மிலிட்டரி சாமான் வந்தா எடுத்து வையுங்க அண்ணே' என்று சொல்லி வைத்தால் போதும். தீப்பெட்டித் தொழிலில் இருந்த குடும்பங்களிடம் ஒட்டாத லேபிள் கட்டுகள் பரணில் கிடக்கலாம். அச்சகங்களில் மாதிரித் தாள்கள் கிடைக்கலாம். ஒட்டாத லேபிளுக்கு ஒரு தனி மதிப்பு. ஆனால் ஒட்டிக் கிழிந்த லேபிள்தான் கடைக்குப் போய் விற்றதற்குச் சாட்சி. நான் இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

முன்னாள் படைவீரர் வீடுகளுக்குப் போகும்போது வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். வாங்கப் போனவர் போல நுழையாதீர்கள். உட்கார்ந்து பேச்சைக் கேளுங்கள். 'எங்க வூட்டுக்காரரு பர்மாவுலேர்ந்து கொண்டாந்தது இது' என்று ஒரு பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்தால், முதலில் அந்தப் பேச்சை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் பொருளைப் பாருங்கள். பதக்கத்தை விலைக்குக் கேட்கவே கேட்காதீர்கள். தீப்பெட்டி உறையைக் கூட அவர்களாகக் கொடுத்தால் ஒழியக் கேட்காமல், படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். நல்ல படம், அளவு, அதைப் பற்றிய பேச்சு மூன்றும் இருந்தால் பாதி சேகரிப்பு கைக்கு வந்த மாதிரி. பொருள் அந்தக் குடும்பத்திலேயே இருப்பதுதான் அதற்கும் நல்லது.

படி 3: முதலில் பாதுகாப்பு

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இன்றைய பெட்டியில் குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், பக்கவாட்டுப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கும். இரண்டும் உரசினால்தான் தீ. பழைய 'எங்கே உரசினாலும் பற்றும்' குச்சிகளுக்கு இந்தப் பிரிவினை கிடையாது. அவை ஒன்றோடொன்று உரசியே பற்றலாம். இன்னும் பழையவற்றில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்த விஷம் அது. 1906இல் பெர்ன் நகரில் உடன்படிக்கை போட்டு அதைத் தடுத்தார்கள், இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. ஆகவே 1913க்கு முந்தியது என்று சந்தேகம் இருக்கும் பெட்டியில் குச்சி மிச்சமிருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள்.

மற்றபடி, குச்சியோடு இருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தகர டப்பாவில், உரசும் பட்டை குச்சித் தலையில் படாதபடி காகிதம் வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வேலூரில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடி அறையும் சமையலறைப் பரணும் ஆகவே ஆகாது. குச்சிகளைத் தபாலில் அனுப்பக்கூடாது. பரிமாற்றத்துக்கு லேபிளும் காலிப் பெட்டியும் மட்டும்.

பித்தளைச் சாமான்களோடு சில சமயம் பழைய தோட்டாவோ வெடிக்காத குண்டோ வந்து சேரும். அதைக் கிளறாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

படி 4: தேதி கண்டுபிடிப்பது

இங்கேதான் சேகரிப்பின் உயிர் இருக்கிறது. லேபிளில் தேதி இருக்காது, ஆனால் தேதி சொல்லும் குறி எங்காவது இருக்கும்.

எங்கே செய்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். சுவீடன், ஜப்பான், ஆஸ்திரியா என்று இருந்தால் பெரும்பாலும் இறக்குமதிக் காலம். முதல் உலகப்போரின்போது ஐரோப்பியச் சரக்கு குறைந்த இடத்தை ஜப்பான் பிடித்தது. 1922இல் இறக்குமதித் தீர்வை ஏறியது, அதன் பிறகுதான் உள்நாட்டுத் தொழில் தலையெடுத்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பியது அந்தச் சமயம்தான். சுவீடன் கம்பெனியின் இந்தியத் தீப்பெட்டி நிறுவனமான விம்கோவும் 1923இல் வந்துவிட்டது. 1934இல் தீப்பெட்டிக்கு ஆயத்தீர்வை வந்தது. தீர்வை கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியில் ஒட்டிய தாள் பட்டை கிழியாமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். லேபிளைவிட அது அதிகம் சொல்லும்.

அடுத்தது முகவரி. நம் வட்டாரத்துக்கு இது ஒரு வரப்பிரசாதம். 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருந்தால் பெரும்பாலும் 1989க்கு முந்தியது, அந்த ஆண்டில்தான் மாவட்டம் இரண்டானது. ராணிப்பேட்டை மாவட்டம், திருப்பத்தூர் மாவட்டம் என்று இருந்தால் 2019க்குப் பிந்தியது. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றால் 1969க்கு முன். 632 என்று தொடங்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். ஆனால் பழைய அச்சுக்கட்டையை மாற்றாமல் பல வருஷம் ஓட்டுவது அச்சகத்தில் சகஜம். அதனால் 'இதற்குப் பின்' என்று சொல்லும் குறியை முழுசாக நம்பலாம், 'இதற்கு முன்' என்று சொல்லும் குறியைக் கொஞ்சம் தளர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

விலையும் உதவும். நயா பைசா என்று இருந்தால் 1957 முதல் 1964 வரையிலான காலம். பெட்டி ஒரு ரூபாய் ஆனது 2007இல், இரண்டு ரூபாய் ஆனது 2021 டிசம்பரில்.

ராணுவப் பொருளுக்கு இன்னும் சில குறிகள் உண்டு. பிரிட்டிஷ் அரசுப் பொருளில் அகன்ற அம்புக்குறி இருக்கும். சின்னத்தில் கிரீடமா, அசோகரின் சிங்கங்களா என்று பாருங்கள். இந்தியப் படைப்பிரிவின் பெயரில் 'ராயல்' என்ற அடைமொழி இருந்தால் 1950 ஜனவரி 26க்கு முந்தியது. ராணுவக் கேண்டீன் முத்திரையில் சி.எஸ்.டி. (கேண்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட்) என்றால் 1948க்குப் பின். 'ஜமேதார்' என்று பொறித்திருந்தால் 1965க்கு முன், ஏனென்றால் அந்த ஆண்டில் ராணுவத்தில் அந்தப் பதவி நாயப் சுபேதார் ஆகிவிட்டது. சொல்லின் வரலாறு தெரிந்தால் பொருளின் வயது தெரிகிறது, அதனால்தான் இரண்டையும் ஒன்றாகப் படிக்கச் சொல்கிறேன்.

அமெரிக்க மடிப்பு அட்டையில் உரசும் பட்டை முன்பக்கம் இருந்தால் பழசு. 1970களில் அதைப் பாதுகாப்புக்காகப் பின்பக்கம் மாற்றினார்கள்.

போலியைப் பிடிக்க ஒரு சுலபமான வழி: கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு. 1950க்குப் பிறகுதான் காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலானது. அந்த விளக்கில் காகிதம் நீலமாகப் பளிச்சென்று மின்னினால், '1917 லேபிள்' என்று சொன்னவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

படி 5: பிரித்தல், உலர்த்தல், வைத்தல்

நம்மூர்ப் பெட்டிகளில் மாவுப் பசைதான் அதிகம், தண்ணீரில் இளகிவிடும். முதலில் லேபிளின் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். சிவப்போ ஊதாவோ பஞ்சில் ஏறினால் அந்த லேபிளைப் பெட்டியோடே வைத்துவிடுங்கள். சாயம் நின்றால், அகலத் தட்டில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, லேபிள் ஒட்டிய பக்கம் மேலே பார்க்க மிதக்கவிடுங்கள். கால் மணி நேரத்தில் ஓரம் தானாக எழும்பும். எழும்பாவிட்டால் காத்திருங்கள், நகத்தால் நெம்ப வேண்டாம். பிரிந்ததும் பின்பக்கப் பசையை மெல்லிய தூரிகையால் வழித்துவிட்டு, ஒற்றுத்தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றுங்கள். வெயிலில் காயப்போட்டால் சுருண்டுவிடும்.

ரேஷன் தீக்குச்சி, கேண்டீன் முத்திரை உள்ள பெட்டி, தீர்வைப் பட்டை உள்ள பெட்டி மூன்றையும் எக்காரணம் கொண்டும் நனைக்காதீர்கள். அவற்றைப் பெட்டியாக வைத்திருந்தால்தான் மதிப்பு.

பித்தளை உறையைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் கையோடு வந்தது. இங்கே அது கூடாது. நூறு வருஷத்துக் கருமைதான் அதன் வயதுக்குச் சாட்சி. தேய்க்கத் தேய்க்கக் குத்திய எழுத்தின் ஆழமும் குறையும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

லேபிள்களை ஆல்பத்தில் பசை போடாமல், மூலைக்கண்ணியில் செருகுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை என்றால் விருந்து, அதனால் பசையை முழுசாக எடுத்த லேபிளை மட்டும் ஆல்பத்தில் ஏற்றுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். மில்லிமீட்டரில் அளவு, எழுத்துப்பிழை உட்பட அச்சில் உள்ளபடி வாசகம், கிடைத்த இடம், கொடுத்தவர் சொன்ன விவரம், தேதிக்கான உங்கள் ஊகம், அந்த ஊகத்துக்குக் காரணம். கடைசியில் சொன்னதை எழுதாமல் விட்டால் பிற்பாடு உங்களுக்கே உங்கள் ஊகம் புரியாது.

படி 6: சொல்லின் வேரைத் தேடுவது

கேட்ட சொல்லை முதலில் உச்சரித்தபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். யார், எந்த ஊர், என்ன வேலையில் இருந்தவர், எந்த வாக்கியத்தில் சொன்னார் என்பதும் வேண்டும்.

பிறகு அகராதிகளைக் காலவரிசையில் புரட்டுங்கள். பப்ரீஷியஸ் 1779, வின்சுலோ 1862, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை. ஒரு சொல் முன்னதில் இல்லை, பின்னதில் இருக்கிறது என்றால் இடைப்பட்ட காலத்தில் பரவியிருக்கலாம் என்று ஒரு தடயம். லெக்சிகன் பல சொற்களுக்கு மூலமொழியையும் குறிக்கிறது, இணையத்திலேயே தேடலாம். ஆங்கிலேயர் வாயில் புழங்கிய இந்தியச் சொற்களுக்கு 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி நல்ல துணை. அது பழைய எழுத்துகளிலிருந்து ஆண்டோடு மேற்கோள் காட்டும்.

மூன்றாவது, அக்கம்பக்கத்து மொழி. இதில் வேலூர்க்காரருக்குக் கொடுப்பினை. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூரில் உருது பேசுகிறவர்கள், குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள், எல்லோரும் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். 'பாய், பாரா போடறதுன்னா உங்க பேச்சுல என்ன?' என்று கேட்டால் 'பஹ்ரா' என்று காவலைச் சொல்வார்கள். சிப்பாய் பாரசீகத்தின் சிபாஹி. தோட்டா உருது வழி வந்தது. பட்டாளம் ஐரோப்பியரின் பட்டாலியன். பீரங்கி, 'பிரங்கி' என்று ஐரோப்பியரைக் குறித்த சொல்லின் வழி வந்தது. பறங்கியும் பறங்கிக்காயும் அந்த வீட்டுப் பிள்ளைகளே.

துப்பாக்கி என்றால் குண்டைத் 'துப்பு'வதால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் அடிக்கடி காதில் விழும். ஒலி பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. ஆனால் துருக்கியிலும் பாரசீகத்திலும் துபெக், துபங் என்று ஆயுதத்துக்கே அந்தப் பெயர் முன்பே இருக்கிறது, ஆயுதமும் அந்த வழியாகத்தான் பரவியது. ஒலி, பொருள், வந்த பாதை மூன்றும் பொருந்தினால்தான் ஏற்றுக்கொள்ளுங்கள்.

'வத்தி வைத்துவிட்டான்' என்ற பேச்சும் அப்படித்தான். வத்தி, வர்த்தியிலிருந்து வந்தது, திரி என்று பொருள். பழைய பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் வெடியுப்பில் ஊறவைத்த கயிற்றுத் திரியால்தான் நெருப்பு வைத்தார்கள். தீக்குச்சிக்கு ஆங்கிலேயர் சொல்லும் 'மேட்ச்' கூட முதலில் அந்தத் திரியைக் குறித்ததுதான். ஆகவே கோள்மூட்டுகிறவன் வைத்த வத்தி பீரங்கி வத்தி என்று எழுதிவிட ஆசை வரும். தேதியோடு ஒரு பழைய எழுத்து கிடைக்கும்வரை எழுதாதீர்கள்.

ஒரே குச்சியில் மூன்றாவது ஆளுக்குப் பற்றவைக்கக்கூடாது என்ற நம்பிக்கையும் நல்ல பாடம். முதல் சுருட்டைப் பார்த்து, இரண்டாவதில் குறிபார்த்து, மூன்றாவதில் எதிரி சுடுவான் என்பது பதுங்குகுழி விளக்கம். அதிகக் குச்சி விற்க சுவீடன் முதலாளி ஐவர் குரூகர் கிளப்பிவிட்டார் என்பது இன்னொரு கதை. முதல் உலகப்போர்ச் சிப்பாய்களிடமே அந்த நம்பிக்கை புழங்கியது. குரூகர் ஸ்வீடிஷ் மேட்ச் கம்பெனியை உருவாக்கியது 1917இல்தான். தேதியை வைத்துப் பார்த்தாலே இரண்டாவது கதை தள்ளாடுகிறது.

சரி, எல்லாம் பொருந்திவரும் ஒரு தடமும் சொல்கிறேன், நம் ஊர் வழியாகவே போவது. 1827இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊர் மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர் உரசும் தீக்குச்சியை விற்கத் தொடங்கினார். லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் அதையே 'லூசிபர்' என்ற பெயரில் விற்றார். டச்சுக்காரர்கள் இன்றும் தீக்குச்சியை லூசிபர் என்கிறார்கள். அதே காலத்தில் குச்சிக்கு 'காங்கிரீவ்' என்றும் ஒரு பெயர் ஓடியது. ராக்கெட் செய்த வில்லியம் காங்கிரீவின் பெயர் அது. அவருடைய ராக்கெட்டுக்குத் தூண்டுதல், ஹைதர் அலியும் திப்புவும் 1780இல் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர்ப் போரில் ஆங்கிலேயர் மீது ஏவிய இரும்புக் குழல் ராக்கெட். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதசாலைக்குப் போயின, திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டைக்கு வந்தது. ஆக, 'காங்கிரீவ்' என்று அச்சிட்ட ஒரு பழைய குச்சிப்பெட்டி எங்காவது கண்ணில் பட்டால், அந்தப் பெயருக்குப் பின்னால் நம் கோட்டைவரை வரும் ஒரு வரலாறு இருக்கிறது.

சொற்கள் எதிர்த்திசையிலும் போயிருக்கின்றன. 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் வீரர்களை இந்திய ராணுவம் முழுக்க 'தம்பி' என்றே கூப்பிடுகிறார்கள். அதில் இருந்து ஓய்வு பெற்றவர் உங்கள் தெருவில் இருந்தால், முதல் பேட்டி அவரோடு.

படி 7: சட்டம்

நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருள், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள் ஆகிவிடும். முதல் உலகப்போர்க்காலப் பித்தளை உறையை அயல்நாட்டில் இருப்பவர் நல்ல விலைக்குக் கேட்டாலும், தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளிவு பெறாமல் அனுப்பாதீர்கள். உள்ளூரில் கைமாறும்போதும் வாங்கிய ரசீதையோ, கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டையோ அந்தப் பொருளின் அட்டையோடு இணைத்து வையுங்கள்.